கத்தரித்த சாட்சி

பொம்மனஹள்ளி,
13 அக்டோபர் 2025

அன்புள்ள ஹில்டா அண்ணிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப்போடத் தோன்றும். முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழியுங்கள். வேறு வழியில்லாமல்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். சனிக்கிழமை ஒக்கலிபுரத்துக்கே வந்து நின்றேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. ஓஸ்வால்ட் அண்ணன்தான் ஜன்னலில் தலையை நீட்டி, "இப்ப வேணாம் ஜெனி, அவ ரொம்ப கோவத்துல கீறா. அப்பறமா வா" என்றார். கூடப் பிறந்த அண்ணன் வீட்டில் கூரியர்காரனைப் போல ஜன்னலில் பேசிவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் டிஷ்யூ கொடுத்தாள்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னீர்கள். காலில் சுகர் புண் வந்தது, விரலை எடுக்கணும் என்று டாக்டர் சொன்னார், அழுது ஜெபித்தீர்கள், புண் ஆறியது. நான் அதைப் போனில் எடுத்தேன். எடுப்பது உங்களுக்கும் தெரியும், சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டீர்கள். நான் செய்த தப்பு அதற்கப்புறம்தான். ஜெபத்தையும் கர்த்தருக்கு நன்றி சொன்ன இடத்தையும் கத்தரித்துவிட்டு, நான் விற்கும் எங்கள் கம்பெனி சத்துப் பவுடரின் பச்சை டப்பாவை ஓரத்தில் ஒட்டி, 'என் அண்ணியின் உண்மைக் கதை' என்று என் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். அதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கம்பெனியில் இதற்கு விதி இருக்கிறது. சேரும்போதே சொன்னார்கள். கன்சல்டன்ட்டுகள் ஆளை நேரில் பார்த்துப் பேசி விற்கலாம். ஆன்லைனில் என்றால் கம்பெனி கொடுத்த படத்தை மட்டும்தான் போடலாம். நோய் குணமாகும் என்று சொல்லக் கூடாது. இன்னொருவர் முகத்தைப் போட்டால் அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். என்னைச் சேர்த்துவிட்ட ரக்ஷிதா மேடம்தான், "சொந்தக்காரங்க கதை சொன்னா அது விளம்பரம் ஆகாது ஜெனிஃபர், தைரியமா போடுங்க" என்றார். இப்போது யாரோ புகார் கொடுத்து, என் விற்பனை ஐடியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாத முடிவுக்குள் உங்கள் சம்மதக் கடிதம் போய்ச் சேராவிட்டால் நிரந்தரமாக ரத்து.

இரண்டே வரி அண்ணி. "என் சம்மதத்தோடுதான் போட்டாள், நான் அந்தப் பவுடரைக் குடித்தேன்." நான் கொடுத்த டப்பாவைக் குடித்தீர்கள்தானே, அது பொய் இல்லையே. கார்மென்ட்ஸில் இத்தனை வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து, சூப்பர்வைசர் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அங்கே யாரும் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இந்த வேலையில்தான் முதன்முதலாக என்னை 'மேடம்' என்றார்கள். அந்தத் தையல் லைனுக்குத் திரும்பிப் போகச் சொல்லாதீர்கள்.

உங்கள்
ஜெனி


ஒக்கலிபுரம்,
20 அக்டோபர் 2025

ஜெனிஃபருக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

நீ கொடுத்த பவுடரை ஒரே ஒரு நாள் குடித்தேன். வயிற்றைப் புரட்டியது. மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. ஆகவே அதுவும் பொய்தான்.

வீடியோ வந்த வாரம் ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். பாஸ்டரம்மா எல்லார் எதிரிலும், "இன்னா ஹில்டா, சாட்சிக்கு எவ்ளோ கமிஷன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டதால் பதிலும் சொல்ல முடியவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இனி வேறொருவர் வகுப்பு எடுப்பார் என்று அடுத்த வாரம் சொன்னார்கள். மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்கதான அந்தப் பவுடர் அம்மா?" என்கிறாள். தேவசமுகத்தில் நான் சொன்னதை நீ சந்தையில் வைத்து விற்றுவிட்டாய். அவமானத்தில் தலை நிமிர முடியவில்லை.

இருந்தாலும் இது மட்டும் என்றால் கதவைத் திறந்திருப்பேன். என்ன இருந்தாலும் நீ ஓஸ்வால்டின் தங்கை, நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. அன்று திறக்காததற்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு முத்தம்மாவை நினைவிருக்கிறதா? மெஜஸ்டிக் லாட்ஜில் ரூம் பெருக்குகிறவள். உன் கல்யாணத்துக்கு விடிய விடிய வெங்காயம் உரித்தவள். அவளுக்கும் என்னைப் போலவே சுகர், காலில் சின்னப் புண். மருமகள் போனில் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். "ஹில்டாக்காவே சொல்றாங்க, அப்பறம் இன்னா?" என்று இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் பவுடரைக் கலக்கிக் குடித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நானே பேசுகிறேனே போனில்! புண் கறுத்துப்போய், காய்ச்சலில் புலம்ப ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறவளுக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

பவுடரை அவளுக்கு விற்றது யார் என்று உன் போனிலேயே பார்த்துக்கொள்.

நான் சம்மதம் தரவில்லை. தந்ததாக எழுதினால் அது பொய்ச்சாட்சி. அது கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. உங்கள் ரக்ஷிதா மேடம் சொன்னாற்போல் அதற்கு வேறு அர்த்தம் சொல்லிக்கொள்ள எனக்குத் தெரியாது.

ஹில்டா


பொம்மனஹள்ளி,
27 அக்டோபர் 2025

அண்ணி,

போனில் பார்த்தேன். மருமகள் பேரில் ஆர்டர். 'ஒக்கலிபுரம், சீக்கிரம் அனுப்பவும்' என்று போட்டிருக்கிறது. அதற்கு நான் பூப்படம் போட்டு, 'தேங்க்யூ சிஸ்டர், நல்லதே நடக்கும்' என்று பதில் அனுப்பியிருக்கிறேன். யார், என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒக்கலிபுரத்தில் எனக்கும் ஆள் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மறுநாளே மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டுக்குப் போனேன். ரக்ஷிதா மேடம் இருக்கிற அபார்ட்மென்ட்டில் கேட் தாண்டி உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் நிற்க வைத்தே பேசினார். முத்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். "நோடி... பாருங்க ஜெனிஃபர், வீடியோ உங்க ஐடியில வந்தது, என் ஐடியில இல்ல. ரூல் உங்களுக்குத் தெரியும். ட்ரெய்னிங்ல நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். நீங்கதானே மேடம் போடச் சொன்னீங்க என்று கேட்டேன். "நான் தைரியமா இருங்கன்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போய்விட்டார். அவரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்று தெரியாமலா செய்தேன்? ஐடி போகும் என்று தெரியும். ஒருத்தியின் கால் விரல் போகும் என்றுதான் தெரியவில்லை. இப்போது யோசித்தால் விதியே அதற்காகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் அண்ணி, ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஊசியை நிறுத்து என்று அந்த வீடியோவில் நான் எங்கேயும் சொல்லவில்லை. கத்தரிக்காத முழு வீடியோ என்னிடம் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். டாக்டர் விரலை எடுக்கச் சொன்னார் என்கிறீர்கள். அடுத்த வார்த்தை, ஜெபித்தேன் என்கிறீர்கள். அதற்கடுத்தது, ஆறிவிட்டது என்கிறீர்கள். நடுவில் எங்கே போயின அந்த டிரெஸ்ஸிங் நாட்கள்? ஆட்டோவில் உங்கள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான். புண்ணைச் சுரண்டும்போது என் கையை நகம் பதியப் பிடித்தீர்களே, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ள நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். அதில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. நான் கத்தரித்ததில் அது இல்லை அண்ணி. நான் கையில் வாங்கும்போதே அது அங்கே இல்லை.

எழுதிவிட்டேன். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருக்கிறது. என் தப்பைக் குறைத்துக்கொள்ள இதை எழுதவில்லை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

ஜெனி


ஒக்கலிபுரம்,
10 நவம்பர் 2025

ஜெனி,

உன் கடிதத்தைப் படித்து வெகுநேரம் உன்மேல் கோபமாகவே இருந்தேன். எவ்வளவு திமிர் இவளுக்கு என்று ஓஸ்வால்டிடம் கத்தினேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அவர் என் பக்கம் பேசவில்லை என்பதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அன்றைய கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு சகோதரி எழுந்தது உனக்கு நினைவிருக்கும். மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிய கதையைச் சொன்னாள். அறை முழுக்க அல்லேலூயா. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அடுத்தபடியாக நான் எழுந்து, டிரெஸ்ஸிங் கட்டினார்கள், இன்சுலின் போட்டார்கள், இன்றைக்குக் காலையிலும் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? எங்கள் சாட்சிகளில் நர்ஸ் வருவதில்லை ஜெனி. மருந்துக்கடை வருவதில்லை. யாரும் சொல்லி வைத்த விதியில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஊசி இன்னும் தேவைப்படுகிறது என்றால் விசுவாசம் போதவில்லை என்று நினைப்பார்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டுக்கொள்கிறேன். மருந்தை பிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைக்கிறேன். ஓஸ்வால்டையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

கர்த்தர்தான் ஆற்றினார் என்று இப்போதும் நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் எதை வைத்து ஆற்றினாரோ அதை மறைத்துவிட்டேன். அவருக்கே எல்லாப் புகழும் சேர வேண்டும் என்று மறைத்ததாக இதுநாள்வரை எனக்கே சொல்லி வந்தேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் அல்லேலூயா வேண்டியிருந்தது.

நீ அதிலிருந்து கர்த்தரை எடுத்தாய். அதற்கு முன்பே நான் இன்சுலினை எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்ததை நம்பி முத்தம்மா கால் விரலைக் கொடுத்தாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். "எனக்காக ஜெபம் பண்ணுக்கா, நீ பண்ணா கேக்கும்" என்று கையைப் பிடித்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வரவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிட்டேன். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறதா?

நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கெடு தாண்டிவிட்டது என்று தெரியும். போன மாதத் தேதியே போட்டிருக்கிறேன். ஏதாவது காரணம் சொல்லிக் கொடுத்துப் பார். சம்மதித்தேன், பவுடர் குடித்தேன், எல்லாம் நீ சொன்ன மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய்தான். ஆனால் உன்னிடம் பொய்ச்சாட்சியைப் பற்றிப் பேசிவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் வேலையாவது நிலைக்கட்டும்.

அண்ணி


பொம்மனஹள்ளி,
19 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். ஆசை இல்லாமல் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன், இந்த வாரம் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பைபிளில் பேர் எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து. கிழித்துவிட்டேன்.

கம்பெனிக்கு நானே எழுதினேன். சம்மதம் வாங்கவில்லை, அண்ணி பவுடரால் குணமாகவில்லை, என் வீடியோவை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டார், இன்ன வீட்டில் இருக்கிறார், உங்கள் ஆட்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். ஐடியை ரத்து செய்து ஒரே வரியில் பதில் வந்தது. முத்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கன்சல்டன்ட்டுகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டேன். அதே சூப்பர்வைசர்தான். "இன்னா, மேடம் திரும்ப வந்துட்டாங்க" என்றான். லைன் முழுக்கச் சிரித்தது. குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன்.

வீடியோவை நான் அழித்துவிட்டேன் அண்ணி, ஆனால் அது அழியவில்லை. நேற்றுகூட ஓசூர் ரோட்டு கன்சல்டன்ட் ஒருத்தியின் ஸ்டேட்டஸில் உங்கள் முகம் வந்தது. எடுத்துவிடச் சொன்னேன். "நல்லா போய்க்கினு கீதே, ஏன் எடுக்கணும்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரம் வந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். தட்டத் துணிவில்லை. நேராக முத்தம்மா வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை டப்பா. புதுசு. அந்த ஓசூர் ரோட்டுக்காரியிடம் வாங்கியது.

"ஆஸ்பத்திரில குடுத்த ஊசிய போடறீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க கீற வரைக்கும் போட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் வுட்டுட்டேன். மொதல்ல நான் கரெக்டா குடிக்கல மேடம், அதான் வெரலு போச்சு. இப்ப வேளை தவறாம குடிக்கிறேன்."

காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பவுடரில் ஒன்றுமில்லை, நான் காசுக்காகப் போட்டது, எங்கள் அண்ணி தினமும் இன்சுலின் போடுகிறவர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஹில்டாக்கா ஊசி போடுதா? போம்மா. எத்தினி தபா அந்த வீட்ல குந்திக்கினு டீ குடிச்சிருக்கேன், ஒரு நாளு பாத்ததில்ல. ஒன்ன கம்பெனில தூக்கிட்டாங்களாமே, மருமக சொன்னா. அந்தக் காண்டுல பேசற."

பொய் சொன்னபோது நம்பினார். இப்போது நம்பவில்லை. என் வாய்க்கு இனி அந்த வீட்டில் மதிப்பில்லை அண்ணி. மருமகளும் என்னை எழுப்பி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டாள். இப்படியே விட்டால் மிச்ச விரல்களும் காலும் அதே வழியில் போகும். அவர் நம்புகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

உங்களைப் போகச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் சொல்கிறேன். சீக்கிரம் போங்கள்.

ஜெனி


ஒக்கலிபுரம்,
28 நவம்பர் 2025

அன்புள்ள ஜெனிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, ஒன்றும் சாப்பிடாமல், என் இன்சுலினை எடுத்துக்கொண்டு முத்தம்மா வீட்டுக்குப் போனேன். வழியில் பால்காரர் பேசினார், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மருமகள் டீ வைக்கப் போனாள். நான் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தால் ஜெபத்தில்தான் முடியும் என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை. அதனால் பேசவில்லை. சேலையை விலக்கினேன். என் வயிறு இப்போது இருக்கிற நிலை உனக்குத் தெரியாது, குத்திக் குத்திக் கன்றிப்போய்க் கிடக்கிறது. அவள் பார்க்கப் பார்க்கப் போட்டுக்கொண்டேன்.

"இன்னாக்கா இது?" என்றாள்.

"இன்சுலின். தெனமும் போடறேன்."

"எப்பலேர்ந்து?"

"என் காலு ஆறறதுக்கு முன்னாடியிருந்து. அதாலதான் ஆறுச்சு."

அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் வெரலு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். டீயோடு வந்த மருமகள் அப்படியே நின்றாள்.

"என்னாலதான் போச்சு முத்தம்மா. ஜெனி பவுடர வித்தா. நான் இத மறைச்சேன். மறைக்காம இருந்தா நீ நிறுத்தியிருக்க மாட்ட."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா என்று தெரியாது. மருமகள் டீயை என்னிடம் கொடுக்காமல் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டாள். எழுந்து வந்தேன்.

மறுநாள் போகவே கூடாது என்று இருந்தேன். ஓஸ்வால்ட்தான், "நீ போலன்னா அவ போட மாட்டா" என்றார். போனேன். கதவு சாத்தியிருந்தது, தட்டினேன், மருமகள் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை மருமகள் கையில் எடுத்து வைத்திருந்தாள். முத்தம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சேலையை விலக்கினாள். நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, மருந்துச்சீட்டைப் பார்த்து அளவெடுத்துப் போட்டுவிட்டேன். அவளுக்கு வலித்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திலும் எழுந்து சொல்ல வேண்டும். இன்னும் தைரியம் வரவில்லை, பாஸ்டரம்மா முகம் கண்முன் வருகிறது. சொல்லும்போது நீ பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும். லீவு கிடைத்தால் வா. உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வெட்கத்தைப் பங்கு போட உன்னை விட்டால் எனக்கு யாருமில்லை.

முத்தம்மா வீட்டுக்கு நான் தினமும் காலையில் போகிறேன். "வாக்கா" என்று அவள் கூப்பிடுவதில்லை. டீ கொடுப்பதில்லை. ஜெபம் பண்ணவும் சொல்வதில்லை. ஊசியை மட்டும் போட்டுக்கொள்கிறாள்.

ஹில்டா